ஒளியியல் மேற்படிப்பு – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் நிபோங் தெபாலில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, பினாங்கின் பாயான் லெப்பாஸில் எல்.இ.டி. தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒளியியலும் ஃபோட்டானிக்ஸும் (ஒளியை உண்டாக்கி, கடத்தி, அளக்கும் தொழில்நுட்பம்) முதுகலையில் படிக்க ஆசை. ஜெர்மனியின் யேனா, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் ஆகிய இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன். முதலாவது இரண்டு ஆண்டு, கட்டணம் இல்லை. இரண்டாவது ஓராண்டு, செலவு அதிகம். அப்பாவோ, "இது ரொம்பக் குறுகலான படிப்பு, திரும்பி வந்தால் இங்கே யார் வேலை கொடுப்பார்கள்?" என்கிறார். தாங்கள் இத்துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

அப்பாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்வது எளிது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்துக்கு வந்த முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்றான லிட்ரானிக்ஸ், எல்.இ.டி. செய்யும் நிறுவனம்தான். அது பின்னர் சீமென்ஸ் கைக்கும், அங்கிருந்து ஆஸ்ரம் கைக்கும் போனது. அதே எட்டில் ஒன்றான ஹியூலெட் பேக்கர்டின் உதிரிபாகப் பிரிவு அஜிலென்ட், அவாகோ என்று பெயர் மாறி இன்று பிராட்காமாக இருக்கிறது. அதன் தொழிலில் ஒளியிழைத் தொடர்புக்கான பாகங்கள் ஒரு முக்கியப் பங்கு. உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் இருக்கும் கூலிமில் 2017இல் ஆஸ்ரம் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. ஈப்போவுக்கு அருகே செம்மோரில் ஃபினிசார் தொடங்கிய ஆலை இப்போது கோஹெரன்ட் என்ற பெயரில் இயங்குகிறது. குறுகலான படிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும் விஷயம்; பினாங்கில் அப்படிச் சொல்ல நியாயமில்லை.

யேனாவா, சவுத்ஹாம்ப்டனா என்ற உங்கள் கேள்விதான் கடினமானது. அதைக் கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஃபோட்டானிக்ஸ் என்று பாடத்திட்டங்களின் முகப்பில் போட்டிருப்பதற்குள் ஒன்றுக்கொன்று அதிகம் ஒட்டாத மூன்று தொழில்களாவது இருக்கின்றன. வில்லைகளையும் ஆடிகளையும் கணினியில் வடிவமைப்பவர் நாள் முழுதும் ஸீமேக்ஸ் போன்ற மென்பொருளின் முன் உட்கார்ந்து, ஒரு கதிர் எங்கே விலகுகிறது, எந்தப் பரப்பின் வளைவைத் திருத்தினால் எந்தப் பிழை குறையும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். லேசரும் எல்.இ.டி.யும் செய்பவர் தூசு புகாத கிளீன் ரூமில், தலை முதல் கால் வரை மூடிய உடையில், படிக அடுக்குகளோடும் அமிலங்களோடும் வாழ்வார். மூன்றாமவர் அளப்பவர், ஒளியின் திறன், நிறமாலை, அலையின் கட்டம் (phase) ஆகியவற்றை அளக்கும் கருவிகளைக் கட்டுபவர். நீங்கள் இப்போது மூன்றாவது தொழிலின் ஓரத்தில் நிற்கிறீர்கள். உள்ளே வெண்பூச்சு பூசிய கோளத்துக்குள் ஒரு எல்.இ.டி.யை ஏற்றி, அது எல்லாத் திசையிலும் உமிழும் ஒளியைச் சேர்த்து அளந்து, நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் ஏற்பப் பிரிக்கிறீர்கள். அந்தக் கோளத்தின் உட்பூச்சு மங்கினால் அளவு ஏன் மாறுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா, அல்லது மாறியதும் அளவுக் கருவிகளைச் சரிசெய்யும் பிரிவுக்குத் தகவல் அனுப்பிவிட்டு நகர்ந்துவிட்டீர்களா? முதல் வகை என்றால் எந்தத் தொழில் உங்களுடையது என்று ஏறத்தாழத் தெரிந்துவிட்டது.

இதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் பெயருக்குப் பின்னால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குணம் உண்டு. யேனாவில் கார்ல் ஸைஸ் 1846இல் ஒளிக்கருவிப் பட்டறை வைத்தார். அவருடன் சேர்ந்த இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் நுண்ணோக்கியின் பிரிதிறனுக்கு (நெருங்கிய இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறனுக்கு) ஒளியின் அலைநீளமே எல்லை விதிக்கிறது என்று காட்டினார். 1884இல் கண்ணாடி வேதியியலாளர் ஓட்டோ ஷாட்டும் சேர்ந்துகொள்ள, கண்ணாடி உருக்கும் ஆலையும் அங்கேயே எழுந்தது. கணக்கு, கண்ணாடி, கருவி மூன்றும் ஒரே ஊரில் அமைந்ததன் விளைவை இன்றும் அங்கே பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் அபே ஃபோட்டானிக்ஸ் பள்ளியும், துல்லிய ஒளியியலுக்கான ஃபிரான்ஹோஃபர் நிலையமும் அருகருகே இருக்கின்றன. சவுத்ஹாம்ப்டனின் குணம் வேறு. அது ஒளியிழையின் ஊர். 1987இல் டேவிட் பெய்னின் குழு எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையால் ஒளியை மின்சாரமாக மாற்றாமல் ஒளியாகவே பெருக்கிக் காட்டியது அங்கேதான். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் நல்ல இழை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு) மட்டுமே இழக்கும் என்றாலும், நூறு கிலோமீட்டர் போனதும் இழப்பு 20 டெசிபெல் ஆகி, புறப்பட்ட ஒளியில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக நம் பினாங்குக்கு வந்து கரையேறும் சேஃப் கேபிள் போன்ற கடலடித் தடங்கள், வழி நெடுக அமர்த்தப்பட்ட இத்தகைய பெருக்கிகளை நம்பியே இருக்கின்றன. வில்லையும் அளவீடும் உங்கள் விருப்பம் என்றால் யேனா, இழையும் லேசரும் என்றால் சவுத்ஹாம்ப்டன் என்று ஒரு தொடக்கக் கணக்கு போடலாம். இரண்டிலும் மற்றதையும் படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஓர் ஊரின் நூற்றாண்டுப் பழக்கம் அங்குள்ள ஆய்வகங்களில் எது அதிகம் இருக்கும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவிலும் இதே கதைதான். புகைப்படச் சுருளுக்கும் வில்லைக்கும் பெயர்பெற்ற கோடாக்கும் பாஷ் அண்ட் லோம்பும் இருந்த ரோச்செஸ்டரில் 1929இல் ஒளியியல் கழகம் தோன்றியது தற்செயல் அல்ல.

ஓராண்டா இரண்டாண்டா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்கள் நிலையில் இரண்டாண்டே சரி. பாடத்தை ஓராண்டில் படித்து முடித்துவிடலாம். கை பழகுவதற்குத்தான் அந்தக் காலம் போதாது. ஒளி ஒரே வடிவில் மட்டும் செல்லும் ஒற்றைப் பாங்கு (single-mode) ஒளியிழையின் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் அகலம், தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதற்குள் ஒரு லேசர் கற்றையைச் செலுத்த, அதிர்வு எட்டாத மேசையில், இருட்டறையில், மூன்று திசைத் திருகுகளையும் இரண்டு சாய்வுத் திருகுகளையும் மாற்றி மாற்றித் திருக வேண்டும். திறன்மானியின் எண் கொஞ்சம் ஏறும், ஒரு திருகைத் தொட்டதும் முழுதும் விழும். ஏறியது உண்மையான உச்சமா, பக்கத்தில் உள்ள போலி உச்சமா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். முனையைச் சுத்தம் செய்யாத இழையில் எவ்வளவு திருகினாலும் பயனில்லை என்பதும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தாளால் ஒரே திசையில் ஒருமுறை துடைத்துவிட்டுத் தாளை எறிந்துவிட வேண்டும் என்பதும் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று அதட்டிச் சொன்னால்தான் மனத்தில் நிற்கும். யேனாவின் திட்டத்தில் நான்கு பருவங்களும் 120 ஐரோப்பிய மதிப்புப் புள்ளிகளும் உள்ளன. கடைசிப் பருவம் ஆய்வேட்டுக்கே. அந்த ஆய்வேட்டை எந்தக் குழுவில் செய்யப் போகிறீர்கள் என்பதே படிப்பின் பாதி. விண்ணப்பிக்கும் முன் அக்குழுக்கள் கடைசியாக வெளியிட்ட கட்டுரைகளை எடுத்துப் படங்களை மட்டுமாவது பாருங்கள். ஆய்வகத்தின் படம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு தகுதிச் சோதனைதான்.

பணத்தைப் பற்றி. யேனா இருக்கும் துரிங்கியா மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, பருவச் சந்தா மட்டும் உண்டு. இன்னொரு ஜெர்மன் ஊரான கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவு இல்லை என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை. விண்ணப்பிக்கும் நாளில் அதை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். (தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் தேவை, மலேசியர்களுக்கு அந்தச் சடங்கு இல்லை.) ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையுடன் வரும் கூட்டு முதுகலைத் திட்டங்களையும் பாருங்கள். மாதம் 1,400 யூரோ கிடைக்கும், படிப்புக் கட்டணம் இருக்காது. ஆனால் இரண்டாண்டில் இரண்டு மூன்று நாடுகளுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் விண்ணப்பம் கேட்பார்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கடிதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சிறு வயதில் வானவில்லைப் பார்த்து வியந்தேன் என்று தொடங்க வேண்டாம். அந்த வரி வந்துகொண்டேதான் இருக்கிறது, தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைத் தாண்டிப் போக நன்றாகவே பழகியிருக்கிறார்கள். உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. உற்பத்தி வரிசையில் ஒரே வகை எல்.இ.டி. ஆயிரக்கணக்கில் வருகிறது, இரண்டு இயந்திரங்கள் அதே எல்.இ.டி.க்கு வேறு வேறு அளவு காட்டுகின்றன, அந்த வேறுபாட்டின் காரணத்தை எப்படித் தேடினீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். வகுப்பறையிலிருந்து நேராக வரும் மாணவர்களால் அப்படி ஒரு பத்தியை எழுத முடியாது. எழுதும்போது தொழிற்சாலையின் உண்மையான எண்களையோ வாடிக்கையாளர் பெயரையோ போட்டுவிடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் பெரும்பாலும் உங்களைக் கட்டுப்படுத்தும். மேலதிகாரியிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் நாளிலேயே அந்தப் பத்தியையும் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.