மொழிப்பற்றும் தேசியவாதமும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

சிறுபான்மை மொழிகள் பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்து வருகிறேன். பொதுமொழி இல்லாமல் ஒரு நாடு எப்படி ஒன்றாக நிற்கும்? ஆளாளுக்குத் தன் மொழி, தன் அடையாளம் என்று கிளம்பினால் பிரிவினையில்தானே போய் முடியும்? மொழிப்பற்றும் ஒருவகைத் தேசியவாதம்தானே?

ச.

அன்புள்ள ச.,

பொதுமொழி இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பிழைப்புக்கு வேண்டுமென்றால் யாரும் சொல்லாமலே ஜனங்கள் கற்றுக்கொள்வார்கள். வீட்டுமொழியை விட்டால்தான் நீ இந்த நாட்டுக்காரன் என்கிற அரசியலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரான்சின் பிரெத்தோன் பேசும் பகுதிப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் நடந்ததைச் சொல்கிறேன். வாய்தவறித் தாய்மொழியில் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரச்செருப்பை மாட்டிவிடுவார்கள். அதே தப்பைச் செய்யும் இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால்தான் அது கழுத்தைவிட்டு இறங்கும், பள்ளி விடும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. சின்னப் பிள்ளைகளைக் கூடப் படிக்கிறவர்களையே வேவு பார்க்க வைத்தார்கள்! அப்படி வளர்ந்தவர்கள் பிறகு தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசுவார்களா?

பிரிவினைக்கு வருவோம். 1948இல் பாகிஸ்தானின் தலைவர் ஜின்னா, அன்று அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் இருந்த டாக்காவுக்கே போய் உருது மட்டும்தான் அரசு மொழி என்றார், அந்த நாட்டில் அதிகம் பேர் பேசியது வங்காளம். 1952 பிப்ரவரி 21 அன்று மாணவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 1956 அரசியல் சட்டத்தில் வங்காளத்துக்கும் இடம் கொடுத்தார்கள், ஆனால் காயம் ஆறவில்லை. 1971இல் பாகிஸ்தான் உடைந்து வங்கதேசம் பிரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் முதல் விரிசல் இங்கே விழுந்தது. இலங்கையில் 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. மொழிக்காக ரத்தம் சிந்திய அதே வங்கதேசம் 1972இல் அரசியல் சட்டம் எழுதியபோது குடிமக்கள் எல்லாரும் வங்காளிகள் என்றது. தனி மொழி உள்ள சக்மா இனத்தவர், மலைப்பகுதியிலிருந்து வந்த உறுப்பினர் மானபேந்திர நாராயண் லார்மா சபையில் எழுந்து, நான் சக்மா, வங்காளி அல்ல என்று எதிர்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. அடிபட்டவர்களே இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆகவே ஒருவருடைய மொழிப்பற்றை நம்புவதற்கு முன்னால், தன்னைவிடச் சின்ன மொழிக்காரரை அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்க்கிறேன். வங்கதேசத்தில் சக்மா உட்பட ஐந்து சிறுபான்மை மொழிகளில் குழந்தைகளுக்கு அரசுப் பாடநூல் வந்தது 2017இல்தான், அதுவும் முன்பருவ வகுப்பில் தொடங்கி.