எள்ளுத் தாத்தாவின் ஊர் எது? – கேள்வி பதில்

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியக் காலனிகளுக்குப் போனவர்களின் வேர்களைத் தேடும் வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: என் கணவரின் எள்ளுத் தாத்தா ஜான் ஸ்மித். 1850களில், இருபத்தைந்து வயதில், தங்கம் தோண்ட விக்டோரியாவுக்கு வந்தாராம். இங்கிலாந்தின் அரசுப் பிறப்புப் பட்டியலில் ஜான் ஸ்மித்துகள் குவிந்து கிடக்கிறார்கள். எவர் எங்களவர்? (மெல்போர்ன் வாசகி)

எவருமே இல்லை! இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். அவர் பிறந்தது அதற்கு முன்னால். அந்தப் பட்டியலை மூடிவிட்டு மெல்போர்னிலேயே தொடங்குங்கள்.

முதலில் அவருடைய இறப்புச் சான்றிதழை வாங்குங்கள். விக்டோரியா 1853இல் பதிவைத் தொடங்கியபோது கேள்விகளை அள்ளிப் போட்டது: தந்தை பெயர், அவர் தொழில், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், பிறந்த இடம், காலனியில் வாழ்ந்த ஆண்டுகள், திருமணம் நடந்த ஊர், பிள்ளைகளின் பெயரும் வயதும். அதே காலத்து இங்கிலாந்துச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கே இடமில்லை.

ஆனால் இறந்தவர் தன் சான்றிதழைத் தானே நிரப்புவதில்லை. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ தமக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பார். ‘லண்டன்’ என்று எழுதியிருந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். ஊர் தெரியாதவர்கள் சொல்லும் ஊர் அது. திருமணச் சான்றிதழில் தன் பிறப்பிடத்தை அவரே சொல்லியிருப்பார், அதோடு ஒப்பிடுங்கள். அவருடைய அண்ணன் தம்பி யாராவது இங்கே வந்திருந்தால் அவர்களுடையதையும் வாங்குங்கள். ஊர் உறுதியான பிறகு அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குப் போகலாம். 1851 மக்கள்தொகைக் கணக்கில் அகப்பட்டால் பிறந்த ஊரே எழுதியிருக்கும். 1841 கணக்கை அவ்வளவு நம்ப வேண்டாம். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தே பெரும்பாலும் எழுதினார்கள்.

கேள்வி: டாஸ்மேனியாவில் என் மனைவியின் முன்னோர் ஒருவர் கைதியாக வந்தவர் என்று வீட்டில் கிசுகிசுக்கிறார்கள். பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. உண்மையை அறிய வழி உண்டா? (ஹோபார்ட் வாசகர்)

உண்மையானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 பேர் தீவாந்தர தண்டனை பெற்று ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சொந்தக் காசில் கப்பலேறிய யோக்கியரைப் பற்றி ஒரு வரி கிடைப்பதே அரிது. ஆடு திருடியவரைப் பற்றியோ உயரம், கண் நிறம், தழும்பு, கையில் குத்திய பச்சை வரை எழுதிவைத்திருக்கிறார்கள். டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் கைதிப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். விசாரணை நடந்த ஊரைப் பிறந்த ஊர் என்று எடுத்துக்கொள்வது ஒன்று. பிழைக்கப் போன இடத்தில் பிடிபட்டவர்கள் ஏராளம். மற்றொன்று திருமணம். கைதிகள் மணம் புரிய ஆளுநரின் அனுமதி வேண்டும். வந்து இறங்கும்போது ‘மணமானவர்’ என்றிருந்தவர், சில ஆண்டுகளில் ‘மனைவியை இழந்தவர்’ என்று விண்ணப்பித்திருந்தால், அந்த அம்மாளை இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் தேடிப் பாருங்கள். உயிரோடு இருக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் குடும்பம் அடிலெய்டில் 1840இல் குடியேறியது. அவர்களும் கைதிகளா?

அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்காத காலனி. ஆனால் வேறு காலனியில் தண்டனை முடிந்து வந்தவர்கள் உண்டு. எனவே முழுக்க நிம்மதி அடைய வேண்டாம்.

கேள்வி: சிட்னியின் 1881 மக்கள்தொகைக் கணக்கு எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. 1882 செப்டம்பரில் சிட்னியின் கார்டன் பேலஸ் மாளிகை எரிந்தபோது அங்கே வைத்திருந்த அதுவும் சாம்பலானது. சிட்னி அடங்கிய நியூ சவுத் வேல்ஸ் காலனியின் 1828 கணக்கு தப்பியிருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கு ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘டிரோவ்’ தளத்தில் பழைய செய்தித்தாள்களைத் துழாவுங்கள். இரங்கல் குறிப்பில் ‘இங்கிலாந்துப் பத்திரிகைகள் மறுபதிப்பு செய்க’ என்று இருந்தால் அங்கே உறவினர் இருந்தார்கள் என்று கொள்ளலாம்.

கேள்வி: 1860இல் லிவர்பூலில் கப்பலேறியவர்களின் பட்டியல் லண்டனில் இருக்குமா?

புறப்பாட்டுப் பட்டியல்கள் 1890 முதல்தான் அங்கே தொடர்ச்சியாக உள்ளன. அதற்கு முன் என்றால் வந்திறங்கிய துறைமுகத்தில்தான் தேட வேண்டும். அரசு உதவியோடு சிட்னிக்கு வந்தவராயின் குடியேற்ற வாரியப் பட்டியலில் பெற்றோர் பெயரும், காலனியில் ஏற்கெனவே இருந்த உறவினர் பெயரும் அகப்படலாம். சொந்தச் செலவில் கீழ்த்தளத்தில் வந்தவராயின், பெயர் இல்லாமல் தலை எண்ணிக்கை மட்டும் இருந்தாலும் வியப்படைய வேண்டாம்.