ஒரே நாளில் நட்ட குக்குலு: ஒன்று ஓங்கியும் ஒன்று குட்டையாகவும் நிற்பது ஏன்?

கேள்வி: குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் நிலம் வாங்கி, மருந்துக்கு உதவும் பிசின் தரும் குக்குலு என்ற புதர்ச்செடியை நட்டிருக்கிறேன். பாதிக் கன்றுகள் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கத்திலிருந்து வந்தவை, மீதி உள்ளூர்க் கன்றுகள். மூன்று ஆண்டுகள் ஆகியும் ஜெய்சால்மர் கன்றுகள் முழங்கால் உயரம்தான். உள்ளூர்க் கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. குட்டைச் செடிகளைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். மூன்று வயதுக் குக்குலுவின் உயரத்தை வைத்து அதன் குணத்தைத் தீர்மானிக்க முடியாது.

முதலில், கன்றுகள் எப்படி உருவாக்கப்பட்டவை என்று விசாரியுங்கள். முருங்கைப் போத்து போலத் தண்டை வெட்டி நட்டவையா, விதையில் முளைத்தவையா? இரண்டையும் அருகருகே வைத்து அளப்பது நியாயமில்லை. போத்து தொடக்கத்தில் வேகமாகத் தழைக்கும். விதைக் கன்று மெதுவாக வளரும். ஆனால் பாலைவனப் பெருங்காற்றை அதுதான் நன்றாகத் தாங்கும். போத்துகளுக்குள்ளேயும் தண்டின் பருமன் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். அடுத்தது மண். குட்டைச் செடிகள் நிற்கும் பகுதியில் மழைநீர் தேங்குகிறதா, வேரில் கரையான் இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். வறட்சியைத் தாங்கும் இந்தச் செடி, தேங்கும் நீரைத் தாங்காது.

இவை எல்லாம் சமமாக இருந்தும் வேறுபாடு தெரிந்தால், அது பிறப்பிலேயே வந்ததாக இருக்கலாம். குக்குலுவின் வாழ்க்கை இங்கேதான் விசித்திரமானது. காட்டில் பெரும்பாலும் பெண் செடிகளே இருக்கின்றன, ஆண் செடி அரிது. மகரந்தம் சேராமலேயே விதை உண்டாகிறது என்று 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. அப்படிப் பிறக்கும் கன்று தாயின் நகல். ஆகவே ஓர் இடத்துச் செடிகள் பலவும் ஒரே சாயலில் இருக்கும். இன்னோர் இடத்துக் கூட்டம் அதிலிருந்து விலகி நிற்கும். நல்ல தாய்ச்செடி கிடைத்தால் அதன் குணம் விதையிலும் தொடரும் என்பது உங்களுக்கு லாபம். ஆனால் ஒரு கூட்டம் அழிந்தால் அதன் மரபை வேறு எங்கிருந்தும் மீட்க முடியாது. அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்ட இனம் இது. உங்கள் குட்டைச் செடிகள் ஒரு கூட்டத்தின் காப்பகம்.

உண்மையை அறிய ஒரு சோதனை செய்யலாம். உங்கள் செடிகளிலிருந்தே, காட்டுக்குப் போகாமல், ஜெய்சால்மர், உள்ளூர் என இரு வகையிலும் ஒரே பருமனுள்ள, சுமார் 25 செ.மீ. நீளப் போத்துகளை எடுங்கள். விரலை விட மெல்லியவை வேண்டாம். ஜூன், ஜூலையில் ஒரே நாற்றங்காலில் வேர்பிடிக்க வைத்து, பிறகு வயலில் இரு வகையையும் மாற்றி மாற்றிக் கலந்து நடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயரெழுதிய அட்டை கட்டாயம். உயரத்தை விட அடித்தண்டின் பருமனையும் கிளைகளின் எண்ணிக்கையையும் குறித்துவாருங்கள், ஏனென்றால் பிசின் வடிப்பது தண்டும் கிளையும்தான். விதையும் போட விரும்பினால் கறுப்பு விதைகளை மட்டும் எடுங்கள். வெளிர் மஞ்சள் விதைகள் பெரும்பாலும் முளைக்காது.

வளர்ந்த செடியெல்லாம் நிறையப் பிசின் தரும் என்று எண்ண வேண்டாம். நெட்டைச் செடி குறைவாகவும் குட்டைச் செடி கூடுதலாகவும் தரக்கூடும். அதைப் பார்க்க எட்டு, பத்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதற்குமுன் கத்தியை எடுக்காதீர்கள். ஆழமாக வெட்டி, அதிகம் வடிய மருந்து தடவி, ஒரே பருவத்தில் செடியைச் சாகடித்ததுதான் காட்டுக் குக்குலுவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. காலம் வந்ததும் குளிர் மாதங்களில், பட்டையளவில் மட்டும், மெல்லிய கீறலாகப் போடுங்கள். ஒரு செடியில் ஒரு பருவத்துக்குச் சில நூறு கிராம் கிடைத்தாலே போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.