உருவம் மாறட்டும், அசைவு கெடக்கூடாது: வாசகர் கேள்வி–பதில்

அனிமேஷன் படம் தயாரிக்கும் மென்பொருளில், பயனர் தமக்கு வேண்டிய கதாபாத்திரத்தைத் தாமே வடிவமைத்துக்கொள்ளும் வசதியை உருவாக்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒரே இடத்தில் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளி ஆசிரியர்கள் சிறு அனிமேஷன் படங்களைத் தாமே தயாரிக்க உதவும் மென்பொருள் ஒன்றை எழுதி வருகிறோம். வயது, பருமன், மூக்கு, கண் என எதையும் ஸ்லைடரை நகர்த்தி மாற்ற முடிய வேண்டும். இருபது முகங்களைத் தனித்தனியாக வடிவமைத்து வைத்துள்ளோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் முகம் நொறுங்கிவிடுகிறது. என்ன செய்வது?
— பொறியியல் மாணவர்கள், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் இருபது முகங்களும் அழகாகவே இருக்கலாம், ஆனால் அவை இருபது தனித்தனி மெஷ்கள், அதாவது புள்ளிகளை இணைத்துப் பின்னிய வலை உருவங்கள். ஒரு முகத்தில் 500ஆம் புள்ளி மூக்கு நுனியிலும் இன்னொன்றில் அதே எண்ணுள்ள புள்ளி காது மடலிலும் இருந்தால், முதல் முகத்தை இரண்டாவதாக மாற்றும்போது மூக்கு காதை நோக்கித்தான் பயணம் செய்யும். புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒருபோதும் மாறாத ஒரே அடிப்படை மெஷ்ஷிலிருந்துதான் எல்லாக் கதாபாத்திரங்களும் பிறக்க வேண்டும். இதை முதலில் முடிவு செய்யாமல் எழுதும் நிரலை எல்லாம் பிறகு அழித்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

மேக்ஹியூமன் என்ற திறமூல மென்பொருளின் மூலக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். அதில் மனித உடல் 13,380 புள்ளிகளால் ஆனது; ஆடை, முடி, மூட்டு முதலியவற்றுக்காக வைத்திருக்கும் துணைப் பகுதிகளையும் சேர்த்தால் 19,158. குழந்தையானாலும் கிழவியானாலும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் 'டார்கெட்' எனப்படும் சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு வரியில் ஒரு புள்ளியின் எண்ணும், அது எக்ஸ், ஒய், இசட் திசைகளில் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சொல்லும் மூன்று எண்களும் இருக்கும், அவ்வளவுதான். ஸ்லைடர் பாதியில் நின்றால் அந்த நகர்வில் பாதி சேர்க்கப்படும். மூக்கை மாற்றும் கோப்பில் மூக்கைச் சுற்றியுள்ள புள்ளிகள் மட்டுமே இருப்பதால் அது மிகச் சிறியது. உடல் முழுவதையும் மாற்றும் ஒன்றானாலும், புள்ளிக்கு மூன்று எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்ற கணக்கில் 1,60,560 பைட்தான் வருகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் 'ஷேப் கீ' என்ற வசதி செய்வதும் இதே வேலைதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பார்க் கணினியில் முகபாவங்களை மாற்றிக் காட்டிய ஆய்விலிருந்து தொடங்கும் மரபு இது.

சிக்கல் இரண்டு ஸ்லைடர்கள் சேரும்போதுதான் வரும். இளைஞனின் உடலில் செதுக்கிய 'பருமன்' மாற்றத்தையும் 'முதுமை' மாற்றத்தையும் கூட்டினால் பருத்த முதியவர் கிடைப்பதில்லை. ஊதிய பொம்மைதான் கிடைக்கும். ஏனெனில் வயதான உடலில் சதை தங்கும் இடமே வேறு. மேக்ஹியூமன் இதற்காகச் சேர்க்கைகளையே தனித்தனியாகச் செதுக்கி வைத்திருக்கிறது: பால் இரண்டு, வயதுக் கட்டம் நான்கு, தசை மூன்று, எடை மூன்று என்று பெருக்கினால் 72. இத்தனையையும் உங்களால் செதுக்க முடியாது, தேவையும் இல்லை. ஒன்றையொன்று பாதிக்கும் ஸ்லைடர்கள் எவை என்று முதலில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் சேர்க்கை வடிவங்களைச் செய்யுங்கள்; மூக்கும் முழங்காலும் ஒன்றையொன்று பாதிக்கப் போவதில்லை.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட எஸ்.எம்.பி.எல். என்ற உடல் மாதிரி வேறு வழியில் செல்கிறது. ஏராளமான மனிதர்களின் உடலை ஸ்கேன் செய்து பெற்ற தரவிலிருந்து, 6,890 புள்ளிகள் கொண்ட உடலின் வடிவத்தை ஏறத்தாழ பத்து எண்களில் அது அடக்கிவிடுகிறது. கூட்டக் காட்சிக்கு நூறு உடல்களைத் தானாக உருவாக்க இது மிக ஏற்றது. ஆனால் அந்த எண்களுக்கு மனிதர் புரிந்துகொள்ளும் பெயர் கிடையாது. "நான்காம் எண்ணைச் சற்றுக் கூட்டுங்கள்" என்று ஓர் ஆசிரியரிடம் சொல்ல முடியுமா? பயனர் தொடும் இடத்தில் பெயருள்ள ஸ்லைடர்களே இருக்கட்டும், அவையும் முதல் திரையில் பத்துப் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம்.

வரைந்து வைத்த முகங்களை வீணாக்க வேண்டியதில்லை. அவற்றில் மெஷ் சீராக அமைந்த ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, பிளெண்டரின் 'ஷ்ரிங்க்ராப்' மூலம் அதை மற்ற பத்தொன்பதின் மேலும் படியவைத்துக் கையால் திருத்தினால், எல்லா முகங்களும் ஒரே புள்ளி வரிசைக்கு வந்துவிடும்.

கேள்வி: கதாபாத்திரத்தைப் பருமனாக்கினால் சட்டையைத் துளைத்துக்கொண்டு வயிறு வெளியே தெரிகிறது. சட்டைக்கே இந்தப் பாடு என்றால், புடவைக்கு என்ன வழி?
— குறும்பட இயக்குநர், திருச்சி

பதில்: ஆடையின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு அருகிலுள்ள உடற்புள்ளிகள் மூன்றோடு பிணைத்துவிட வேண்டும். அந்த முக்கோணத்தில் எந்த இடத்துக்கு நேராக, எவ்வளவு விலகி அப்புள்ளி நிற்கிறது என்பதைக் குறித்து வைத்தால், உடல் எந்த வடிவத்துக்குப் போனாலும் ஆடையும் கூடவே போகும். அத்துடன் சட்டைக்கு அடியில் மறைந்திருக்கும் உடற்பகுதியை வரையாமலே விட்டுவிடுங்கள். இல்லாத வயிறு எட்டிப்பார்க்காது. இந்த இரண்டும் சேர்ந்தாலே பெரும்பாலான சட்டை, பேன்ட், சுடிதார் தொல்லைகள் தீரும்.

புடவை அப்படி அடங்குவதில்லை. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் துணியில் இடுப்பைச் சுற்றிய பகுதியும் மார்பின் குறுக்கே செல்லும் பகுதியும் உடலை ஒட்டியிருப்பதால் அவற்றை மேற்சொன்னபடி பிணைக்கலாம். கொசுவத்தையும் அதேபோல் பிணைத்தால் வேடிக்கை பார்க்கலாம். இடப்பக்க மடிப்புகளுக்கு அருகிலுள்ளவை இடக்காலின் புள்ளிகள், வலப்பக்க மடிப்புகளுக்கு வலக்காலின் புள்ளிகள் என்பதால், முதல் அடி எடுத்து வைத்ததுமே கொசுவம் நடுவில் பிளந்து பேன்ட் போல இரண்டாகிவிடும். இதற்குத் தீர்வு, இரு கால்களையும் ஒன்றாகச் சூழ்ந்த, கண்ணுக்குத் தெரியாத பாவாடை வடிவத் துணை மெஷ் ஒன்றை வைத்து, கொசுவத்தைக் காலோடு இணைக்காமல் அதனோடு இணைப்பது. மேக்ஹியூமனின் துணைப் பகுதிகளில் அப்படி ஒன்று இருக்கிறது. முந்தானைக்குத் தோளிலிருந்து தொங்கும் ஐந்தாறு எலும்புகள் (மெஷ்ஷை அசைக்க உள்ளே வைக்கும் துண்டுகள்) கொண்ட சங்கிலி போதும். துணி உண்மையில் எப்படி அசையும் என்று கணக்கிடும் சிமுலேஷனை இறுதி ரெண்டருக்கான (முடிவான படத்தை உருவாக்கும் கட்டத்துக்கான) விருப்பத் தேர்வாக மட்டும் வையுங்கள்; படம் எடுப்பவர் காட்சியை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் காத்திருக்க நேர்ந்தால் அவர் புடவையையே கைவிட்டுவிடுவார்.

கேள்வி: உயரத்தைக் குறைத்து ஒரு சிறுவனை உருவாக்கினேன். பெரியவருக்காகப் பதிவு செய்த நடையை அவனுக்குக் கொடுத்தால் பனிக்கட்டியின் மேல் நடப்பவன் போலக் கால் வழுக்குகிறது.
— வாசகி, மதுரை

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, உடல் சுருங்கியபோது எலும்புக்கூடு கூடவே சுருங்காமல் இருப்பது. மூட்டின் இடத்தை நிலையான எண்ணாகச் சேமிக்காமல், மெஷ்ஷில் அந்த மூட்டைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட புள்ளிகளின் சராசரியாக ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். இரண்டாவது, பெரியவரின் இடுப்பு முன்னேறிய தூரம் அப்படியே சிறுவனுக்கும் கொடுக்கப்படுவது. சிறுவனின் கால் நீளத்தைப் பெரியவரின் கால் நீளத்தால் வகுத்து, வரும் விகிதத்தால் இடுப்பின் நகர்வைப் பெருக்கினால் வழுக்கல் பெருமளவு நிற்கும். மீதியைப் பாதம் தரையில் ஊன்றியிருக்கும் சட்டகங்களில் (ஃபிரேம்களில்) ஐ.கே. முறையால், அதாவது பாதம் நிற்க வேண்டிய இடத்திலிருந்து கால் மூட்டுகளின் மடிப்பைக் கணக்கிடும் முறையால், பாதத்தை நிலைநிறுத்திச் சரிசெய்யலாம்.

கேள்வி: உதட்டைத் தடிமனாக்கிய கதாபாத்திரம் பேசும்போது உதடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுகின்றன, மெல்லியதாக்கினால் 'ப', 'ம' வரும் இடத்தில் வாய் மூடுவதே இல்லை. ஒவ்வொரு முகத்துக்கும் எல்லா அசைவுகளையும் மறுபடி செதுக்க வேண்டுமா?
— ஒலிப்பதிவுக் கலைஞர், சென்னை

பதில்: வேண்டாம். வாய் மூடும் அசைவு அடிப்படை முகத்தில் அளந்து செதுக்கப்பட்டது. கீழுதடு இவ்வளவு மேலே வந்தால் மேலுதட்டைத் தொடும் என்ற அந்த அளவு, பயனர் உதட்டை மாற்றிய கணமே பொய்யாகிவிடுகிறது. கேமரா வழியே முக அசைவைப் பதிவு செய்ய உதவும் ஆப்பிளின் ஏ.ஆர்.கிட் என்ற மென்பொருள் தொகுப்பு முகத்துக்கு 52 அசைவுகளை வரையறுத்திருக்கிறது. பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். ஆனால் சிரிப்போ புருவ நெரிப்போ சிறிது கூடக் குறைய இருந்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. உறுப்பும் உறுப்பும் தொட வேண்டிய அசைவுகள்தாம் தவறைக் காட்டிக்கொடுக்கும்: உதடு மூடுதல், இமை மூடுதல். தமிழில் பேசும் பாத்திரத்துக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'அம்மா', 'அப்பா' என்று மெய் இரட்டிக்கும்போது உதடுகள் ஒரு நொடிப்புத் தங்கி நிற்பதால், வினாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் அந்த இடைவெளி தொடர்ந்து பல சட்டகங்களுக்குக் கண்ணில் படுகிறது.

புள்ளி வரிசை மாறாது என்று கோவை மாணவர்களுக்குச் சொன்னது இங்கே கைகொடுக்கும். மேலுதட்டின் உள்விளிம்பிலுள்ள எந்தப் புள்ளி கீழுதட்டின் எந்தப் புள்ளியைத் தொட வேண்டும் என்ற இணைப் பட்டியலை ஒரே ஒருமுறை தயாரித்துவிடுங்கள். பயனர் முகத்தை முடித்துச் சேமிக்கும்போது, வாய் மூடிய நிலையில் அந்த இணைகளுக்கு இடையே எஞ்சும் தூரத்தை நிரல் அளந்து, அதைப் பாதிப் பாதியாகப் பிரித்து 'வாய் மூடுதல்' அசைவோடு கூட்டிவிடும். ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் அதே அளவைக் கழித்துவிடும். சுற்றியுள்ள புள்ளிகளுக்கு இத்திருத்தம் படிப்படியாகக் குறைந்து பரவ வேண்டும், இல்லையேல் விளிம்பு மட்டும் துருத்திக்கொள்ளும். கண்ணைப் பெரிதாக்கும் ஸ்லைடர் இருந்தால் இமைகளுக்கும் இதையே செய்யுங்கள்.

கேள்வி: நான் பார்த்த மென்பொருள்கள் பலவற்றிலும் கதாபாத்திரம் வெள்ளைத் தோலோடுதான் தொடங்குகிறது. நிறத்தைக் கருமையாக்கினால் சாம்பல் பூசியது போலாகிறது. என் மாணவர்கள் "இது நாம் இல்லை" என்கிறார்கள்.
— ஆசிரியை, விருதுநகர்

பதில்: மாணவர்கள் சொல்வது சரி. வெளிர்ந்த தோலின் படத்தை எடுத்து அதன் வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் இப்படித்தான் ஆகும். தோலுக்குக் கருமை தரும் மெலனின், சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது; எனவே கருமை கூடும்போது நிறச் சாயலும் மாறியாக வேண்டும். மென்பொருள் உருவாக்குவோர் வெளிர்ந்த தோல், நடுத்தரத் தோல், கருந்தோல் மூன்றுக்கும் தனித்தனிப் படங்களைத் தயாரித்து, அவற்றுக்கிடையே கலப்பதே நம்பத்தக்க வழி. உள்ளங்கையும் உள்ளங்காலும் உடலைப் போல் கறுக்காது என்பதை அந்தப் படங்களிலேயே தீட்டிவிட வேண்டும். தோலின் மேற்பரப்பில் படும் பளபளப்பு நிறத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. அதனால் கருந்தோலில் அது எடுப்பாகத் தெரியும், அதைக் குறைத்துவிடக் கூடாது.

நிற வரிசைக்கு எமோஜிகள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை எடுக்க வேண்டாம். அது 1975இல், வெயில் பட்டால் தோல் எப்படிச் சிவக்கும் அல்லது கறுக்கும் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துவதற்காகத் தோன்றியது. எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் உருவாக்கி, கூகுள் 2022இல் வெளியிட்ட பத்து நிற வரிசை இதைவிடப் பொருத்தம். தொடக்க நிறத்தை ஒவ்வொரு முறையும் அந்தப் பத்திலிருந்து குலுக்கலாகத் தேர்ந்தெடுக்கச் செய்வது சில வரி நிரல்தான்.

கேள்வி: மேக்ஹியூமனின் உருவங்களை எங்கள் நிறுவனம் விற்கும் மென்பொருளில் வைக்கலாமா?
— மென்பொருள் உருவாக்குநர், ஈரோடு

பதில்: மேக்ஹியூமனிலிருந்து ஏற்றுமதி செய்யும் உருவங்கள் சி.சி. ஜீரோ உரிமத்தில் வருகின்றன; விற்கலாம், பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதன் நிரலோ ஏ.ஜி.பி.எல். உரிமத்தில் உள்ளது. அந்த நிரலை உங்கள் மென்பொருளுக்குள் சேர்த்து வெளியிட்டால் உங்கள் நிரலையும் திறந்து வைக்க வேண்டியிருக்கும். பயனர்கள் பதிவேற்றிய ஆடை, முடி ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரிமம் இருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே சேர்க்கவும். மேலே குறிப்பிட்ட எஸ்.எம்.பி.எல். ஆராய்ச்சிக்கு இலவசமாகக் கிடைத்தாலும், வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். அதை மாதிரிப் பதிப்பில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புள்ளி வரிசை வேறாக இருப்பதால், அதற்காகச் செய்த ஆடைகளும் முக அசைவுகளும் வேறு மெஷ்ஷுக்குப் பொருந்தாது.