வால்ட் கெல்லியின் இசைத்தட்டுப் புத்தகங்கள் ஏன் இவ்வளவு அரிது?

‘போகோ’ சித்திரத் தொடரை வரைந்த வால்ட் கெல்லி, குழந்தைகளுக்காக இசைத்தட்டுடன் கூடிய படப் புத்தகங்கள் செய்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தார். 1969இல் கொலம்பியா நிறுவனத்தின் வழியாக ‘நோ! வித் போகோ’, ‘கான்ட்! வித் போகோ’ என்ற இரண்டு வெளிவந்தன. படங்கள் அவருடையவை, தட்டில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. டிஸ்னியில் அசைவூட்டக் கலைஞராகப் பயின்ற கை அது. போகோ கதைகள் நடக்கும் ஓக்கிஃபனோக்கி சதுப்பு நிலத்து விலங்குகளின் முகத்தில் ஒற்றைத் தூரிகைக் கோடு கனத்தும் மெலிந்தும் ஓடுவதைப் பாருங்கள், புரியும். 1956இல் வந்த ‘சாங்ஸ் ஆஃப் த போகோ’விலும் அவர் பாடியிருக்கிறார். ஆனால் அது பெரியவர்களும் ரசித்த பாட்டுத் தொகுப்பு. எனக்கு நெருக்கமானவை இந்தச் சின்னப் புத்தகங்கள்தான்.

ஏன் கிடைப்பதில்லை? குழந்தைகள் கையில் இருந்த பொருள். தட்டு கீறும், தாள் கிழியும், இரண்டும் பிரிந்து போகும். தனித்த தட்டு இசைத்தட்டுக் கடைக்கும், தனித்த புத்தகம் பழைய புத்தகக் கடைக்கும் போய்விடுகின்றன. ஆகவே இரண்டு இடத்திலும் தேடுங்கள். கெல்லி பெயரிலும் போகோ பெயரிலும் தேடுங்கள்.

வாங்குமுன் தட்டை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்கள் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருந்தால் ஊசி தேய்த்திருக்கிறது. புத்தகத் தாளின் ஓரத்தில் ஒரு குழந்தை கிறுக்கிய வண்ணக்கோடு இருந்தால் அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.