பஞ்சுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டர்

கேள்வி: அவினாசி பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ரிங் ஃபிரேம்களின் (நூல் நூற்கும் மெஷின்கள்) உற்பத்திக் கணக்கை எடுக்க வைத்திருக்கும் சாதாரண கம்ப்யூட்டர், இரண்டு வருடத்தில் மூன்று முறை போய்விட்டது. ஃபேன் இல்லாத இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டருக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: கொடுக்கலாம். ஆனால் மாட்டுகிற இடத்தைச் சரியாகப் பார்க்காமல் வாங்கினால் அந்தப் பணமும் வீண்தான்.

பன்னிரண்டு வருடம் மில் மில்லாகப் போய் பேனல் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வேலை பார்த்தவன் நான். பழுதான கம்ப்யூட்டரைத் திறந்தால் பெரும்பாலும் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) மேல் மெத்தை மாதிரி பஞ்சு படிந்திருக்கும். ஃபேன் காற்றோடு சேர்த்துப் பறக்கிற பஞ்சையும் உள்ளே இழுத்துவிடுகிறது. பிராசசர் சூடேறி முதலில் வேகம் குறையும், அப்புறம் நின்றுவிடும். ஏர் கன்னால் ஊதிச் சுத்தம் செய்கிறீர்களா? தயவுசெய்து நிறுத்துங்கள். பாதிப் பஞ்சு பவர் சப்ளைக்குள் போய் அடைந்துகொள்ளும்.

ஃபேன் இல்லாத கம்ப்யூட்டரில் அலுமினியப் பெட்டியே ஹீட்சிங்க். பெட்டியின் மேல் வரிவரியாக இருக்கும் மடிப்புகள் வழியாகத்தான் சூடு வெளியேறும். அந்த வரிகள் மேலும் கீழுமாக நிற்கும்படி மாட்டுங்கள். சூடான காற்று தானாக மேலே ஏறும். ஒரு மில்லில் இதைப் பேனல் தலைமேல் படுக்க வைத்திருந்தார்கள். பஞ்சு போர்வை மாதிரி மூடி, புதுப் பெட்டியும் நின்றுபோனது. ஷிஃப்டுக்கு ஒரு தடவை துணியால் துடைத்தாலே போதும்.

விலைப்பட்டியலில் இரண்டு வரிகளைக் கவனமாகப் படியுங்கள். ‘60 டிகிரி வரை தாங்கும்’ என்பதற்குக் கீழே ‘காற்றோட்டம் இருந்தால்’ என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். மூடிய பேனலுக்குள் காற்றோட்டம் எங்கே? திரையோடு சேர்ந்து வரும் மாடலில் ‘ஐபி65’ (தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறியீடு) என்றால் பல சமயம் முன்பக்கத்துக்கு மட்டும்தான்; பின்பக்கம் தூசு புகும்.

சூடு விஷயத்தில் நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர், அதாவது சர்க்யூட்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சின்ன உருளை. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் பேனலுக்குள் ஒரு தெர்மாமீட்டரை ஒருநாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்கில் உள்ள ஃபைல்கள் கெட்டுவிடலாம். 9 முதல் 36 வோல்ட் டிசி வரை ஏற்கும் மாடலாக வாங்கி, பேட்டரி பேக்கப் உள்ள 24 வோல்ட் சப்ளையில் போடுங்கள். எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கும்போது ‘பவர் லாஸ் புரொடெக்‌ஷன்’ (திடீரென்று கரண்ட் போனாலும் டேட்டாவைக் காப்பாற்றும் வசதி) உண்டா என்று கேளுங்கள். வாட்ச்டாக் டைமரும் இருக்கட்டும். சாஃப்ட்வேர் உறைந்துபோனால் அதுவே ரீஸ்டார்ட் செய்துவிடும், ராத்திரி ஷிஃப்டில் உங்களை எழுப்ப மாட்டார்கள்.

கடைசியாகப் பழுதான கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திறந்து, கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், புதுசு வாங்கும் முன் அந்த இடத்து கரண்ட் லைனையும் எர்த்திங்கையும் சோதித்துவிடுங்கள்.