வேலைக்கும் வெப்பத்துக்கும் ஒரே அலகு

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பொருளைத் தள்ளும் வேலைக்கும் ஜூல், தண்ணீர் சூடாவதற்கும் ஜூல் என்று பாடத்தில் இருக்கிறது. “ரெண்டும் வேற வேற தானேப்பா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று: இரண்டும் ஒன்று என்று முதலில் எழுதியவர் மேயர் என்ற ஜெர்மன் மருத்துவராமே. பிறகு ஏன் அலகுக்கு ஜூலின் பெயர்?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

உங்கள் மகள் கேட்டதையேதான் 1840களில் பெரிய விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். வெப்பம் என்பது ‘கலோரிக்’ என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மம், அது இடம் மாறுமே தவிர புதிதாக உண்டாகாது என்று பலர் நம்பிய காலம். அதனால் அவளைத் திருத்த அவசரப்பட வேண்டாம்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818இல் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தவர். பீர் தயாரிக்கும் குடும்பம். கல்லூரிக்குப் போனதில்லை. சிறுவயதில் அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனிடம் கொஞ்சநாள் பாடம் கேட்டார், அவ்வளவுதான்.

அவருடைய புகழ்பெற்ற சோதனை இது. பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் ஒரு துடுப்புச் சக்கரம். சக்கரத்தின் அச்சில் கயிறு சுற்றி, கப்பி வழியாக ஈயப் பாரங்களைத் தொங்கவிட்டார். பாரம் இறங்கும், சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கும். மறுபடி பாரத்தை மேலே ஏற்றி இறக்குவார். இப்படி 20 தடவை செய்தால்தான் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய அரை டிகிரி ஃபாரன்ஹீட் உயரும். பக்கத்தில் நிற்கும் மனிதரின் உடல்சூடே கணக்கைக் கெடுத்துவிடக்கூடிய அளவு அது! டான்சர் என்ற கருவி செய்பவரின் மிக நுட்பமான வெப்பமானிகளைக் கொண்டு, அறையின் வெப்பத்தையும் கழித்து, திரும்பத் திரும்ப அளந்தார்.

1850இல் வெளியான முடிவு: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, 772 பவுண்டு எடை ஓரடி இறங்கும் வேலை போதும். அதாவது வேலை ஒரே கணக்கில் வெப்பமாக மாறுகிறது, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே அலகு. இன்றைய மதிப்புக்கும் இதற்கும் ஒரு சதவீத வித்தியாசம்கூடக் கிடையாது. எனக்கு இது இன்னமும் பிரமிப்பாக இருக்கிறது.

தொடக்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1843இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தன் கருத்தைச் சொன்னபோது கூட்டம் அமைதியாக இருந்துவிட்டது. 1847இல் ஆக்ஸ்ஃபோர்டில் சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். அங்கே ஆர்வத்தோடு கவனித்த இளைஞர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு.

அப்புறம் மேயர். 1840இல் கப்பல் மருத்துவராக ஜாவா போனவர், அங்கே மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். வெப்பமான ஊரில் உடலைச் சூடாக வைக்க உணவைக் குறைவாக எரித்தால் போதும், அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சிச் சிவப்பாக இருக்கிறது என்று யோசித்து, அங்கிருந்து வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்புக்கு வந்தார். 1842இல் எழுதியும் விட்டார். கருத்தில் அவர்தான் முந்தியவர், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவருடைய எண் பிறர் அளந்த வாயு அளவுகளிலிருந்து போட்ட கணக்கு. ஜூல் தானே அளந்தார், சந்தேகப்படுகிறவரும் மறுக்க முடியாதபடி அளந்தார். ஓர் அலகுக்கு அளந்தவரின் பெயர் வைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

பெயரை 1882இல் முன்மொழிந்தவர் பொறியாளர் வில்லியம் சீமென்ஸ். 1889இல் பாரிஸ் மின்னியல் மாநாடு ஏற்றது. அதே வருடம் அக்டோபரில் ஜூல் இறந்தார். இன்றைய வரையறை, ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் நகர்த்தச் செய்யும் வேலை. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல்.

மகளுக்கு வாயால் விளக்குவதைவிட இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் பிவிசி பைப்பில் கால்வாசிக்கும் குறைவாக சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, வெப்பநிலையை அளந்துவிட்டு, இருபக்கமும் மூடுங்கள். துணியால் பிடித்துக்கொண்டு, குண்டுகள் முழுசாக விழும்படி 100 தடவை தலைகீழாகத் திருப்பி, உடனே மறுபடி அளக்கட்டும். கணக்குப்படி சுமார் 2 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். நிச்சயம் குறைவாகத்தான் வரும். மீதி எங்கே போயிற்று என்று அவளையே தேடச் சொல்லுங்கள்.